பட்டத்து மீனுக்குத் தோழர்கள்

பவழக்கரை நாட்டு மன்னர் கடலேந்திக்கு யானைப் பைத்தியம் தீர்ந்து, கிளிப் பைத்தியம் தீர்ந்து, கடைசியில் மீன் பைத்தியம் பிடித்தது. அரண்மனை முற்றத்தில் பெரிய தொட்டி ஒன்று கட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நாற்பது பேர் தினமும் கடல்நீர் சுமந்து வந்து ஊற்றினார்கள். அதற்குள் ஒரே ஒரு கலவா மீன். முழ நீளம், செக்கச் செவேலென்ற உடம்பு, மேலெல்லாம் நீலப் பொட்டு. பட்டத்து யானை இருக்கும்போது பட்டத்து மீன் இருந்தால் என்ன என்று முரசறைந்து அதற்குப் பட்டமும் கட்டிவிட்டார்.

ஒருநாள் மன்னர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தனிமையில் வாடுகிறது. முகத்தைப் பாருங்கள்" என்றார்.

கலவாவின் முகம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அதை யார் போய் அவரிடம் சொல்வது? தொட்டிக் காவலன் கடற்கரையாண்டி கடலுக்குப் போய், மஞ்சளும் ஊதாவுமாக இருபது சின்ன மீன்களைப் பிடித்து வந்து விட்டான். மன்னர் கைதட்டினார். சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கலவா மட்டும் இருந்தது. வயிறு கொஞ்சம் புடைத்திருந்தது.

மறுநாள் முப்பது மீன்கள் விட்டார்கள். அவையும் போன வழி தெரியவில்லை.

அவையில் மன்னர் கொதித்தார். "பௌர்ணமிக்கு மகாராணியின் தாய்வீட்டார் வருகிறார்கள். என் தொட்டியில் வானவில் நீந்துகிறது என்று ஓலை எழுதிவிட்டேன். இனி ஒரு மீன் குறைந்தாலும் கடற்கரையாண்டி நாட்டை விட்டுப் போக வேண்டும்."

அமைச்சர் மழவராயர் எழுந்தார். அவைப் புலவர் அங்கயற்கண்ணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அவன் பாவம், அரசே. இது புத்திசாலிகள் செய்ய வேண்டிய வேலை. நம் புலவரின் பெயரிலேயே கயல் இருக்கிறது. அவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் அவரும் ஆசனத்தைக் காலி செய்யட்டும்."

அங்கயற்கண்ணிக்கு மீன் பழக்கமானதெல்லாம் குழம்பில்தான். ஆனால் தூணோரம் நின்ற கடற்கரையாண்டி கும்பிட்ட கையோடு தன்னையே பார்ப்பதைக் கண்டாள். எழுந்தாள்.

"ஏற்றுக்கொள்கிறேன், அரசே. ஒரே ஒரு சந்தேகம். அந்த ஐம்பது மீன்களை எதற்காக விட்டீர்கள்?"

"கூட்டுக்குத்தான்."

"அங்கேதான் குழப்பம். நீங்கள் கூட்டு என்று விட்டீர்கள். அதுவும் கூட்டு என்றே நினைத்துச் சாப்பிட்டுவிட்டது."

அவை குலுங்கியது. மழவராயர் மட்டும் சிரிக்கவில்லை.

தொட்டியருகே வந்ததும் அங்கயற்கண்ணி கேட்டாள். "ஏனப்பா, இது எதைத் தின்னும்?"

"எதைத் திங்காதுன்னு கேளுங்கம்மா. மென்னு திங்கிற சாதி இல்ல இது. வாய்க்குள்ள போறத முழுசா முழுங்கிரும்."

"வாய்க்குள் போகாவிட்டால்?"

கடற்கரையாண்டி தலையைச் சொறிந்தான். "அதக் கண்டுக்கிடாதும்மா."

"அப்படியானால் முதலில் வாயை அளப்போம்."

சமையற்கட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம், ஒரு விளாம்பழம், உரித்த தேங்காய் ஒன்று. மூன்றிலும் சாளை மீனைத் தேய்த்து, கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எலுமிச்சை நொடியில் மறைந்தது. விளாம்பழமும் உள்ளே போய், கயிற்றை இழுத்ததும் முரண்டு பிடித்து வெளியே வந்தது. தேங்காயைக் கலவா கவ்விப் பார்த்தது. இந்தப் பக்கம் கவ்வியது, அந்தப் பக்கம் கவ்வியது. பிறகு, அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை என்பதுபோலத் திரும்பிக்கொண்டது.

"பார்த்தாயா? தேங்காய்ப் பருமனுக்குக் குறைந்த எதுவும் வேண்டாம். நிறம் கண்ணைப் பறிக்க வேண்டும். அதற்காகக் கடிக்கிறதைக் கொண்டுவந்துவிடாதே. பட்டத்து மீனின் வாலில் ஓட்டை விழுந்தால் நம் இருவரையும் தேங்காய் மாதிரி உரித்துவிடுவார்கள்."

கடற்கரையாண்டி நான்கு நாள் மூழ்கினான். பல்லைக் காட்டிய கிளாத்தி மீன் ஒன்று வந்த வழியே கடலுக்குத் திரும்பியது. பச்சைக் கிளிமீன் இரண்டு, மஞ்சளில் நீலவரி போட்டது ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு, ஆக ஐந்து தேறின. ஆளுக்கொரு பொந்து இருக்கும்படி தொட்டியில் பாறைகளை அடுக்கினார்கள். கலவாவுக்கு வயிறு முட்டச் சாளை போட்டார்கள். அது கண் சொருகிக் கிடந்த நேரம் பார்த்து ஐந்தையும் விட்டார்கள். கலவா ஒவ்வொன்றின் அருகிலும் போய் வாயைத் திறந்து பார்த்தது. மூடிக்கொண்டது.

பௌர்ணமியன்று மகாராணியின் தாய்வீட்டார் கண்ணாடி முன் கூடினார்கள். பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சும் வளைய வர, நடுவில் சிவப்பாகக் கலவா. "மாப்பிள்ளை எழுதியது சரிதான், வானவில்லேதான்" என்றார் மகாராணியின் தந்தை. அங்கயற்கண்ணி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அதே நொடியில் விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் மீன் எங்கிருந்தோ குறுக்கே ஓடியது. கலவா வாயைத் திறந்தது. வால் மட்டும் ஒரு கணம் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

"குறைந்துவிட்டது, அரசே" என்றார் மழவராயர். குரலில் தேன் வடிந்தது.

அங்கயற்கண்ணி கண்ணாடியருகே ஓடினாள். அவசரமாக எண்ணினாள். முகம் தெளிந்தது.

"நீங்களே எண்ணுங்கள், அரசே."

மன்னர் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார். "ஐந்து."

"நான் விட்டதும் ஐந்து. போனது ஆறாவது. நான் விடாத மீன் என் கணக்கில் எப்படிக் குறையும்?"

"பிறகு அது யாருடையது?"

கடற்கரையாண்டி மெல்லச் சொன்னான். "அமைச்சர் ஐயா உத்தரீயம் சொட்டுதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மழவராயர் உத்தரீயத்தை இறுக்கிப் பிடித்தார். இறுக்கியதுதான் தப்பு. மடிப்பிலிருந்து இன்னொரு குட்டி மீன் வழுக்கி, தரையில் விழுந்து துள்ளியது. கடற்கரையாண்டி பாய்ந்து அதைச் செம்பில் போட்டான்.

மன்னரின் மீசை துடித்தது. அங்கயற்கண்ணி குறுக்கே வந்தாள். "விட்டுவிடுங்கள், அரசே. ஊரெல்லாம் விருந்து நடக்கும் நாளில் பட்டத்து மீனை மட்டும் பட்டினி போடக் கூடாது என்று அமைச்சர் நினைத்திருக்கிறார்."

மாமனார் முதலில் சிரித்தார். பிறகு மன்னரும் சிரித்துவிட்டார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குக் கொடுத்தார். கடற்கரையாண்டியின் கைக்குத் தங்கக் காப்பு வந்தது.

"மீனின் இனத்தைப் பார்க்காமல், முதலில் வாயை அளக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது, புலவரே?" என்றார் மன்னர், தேங்காய்க் கதையைக் கேட்டதும்.

"பன்னிரண்டு வருஷமாக மழவராயருக்கு எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறேனே, அரசே. தினமும் என்னை விழுங்கத்தான் பார்க்கிறார். நான்தான் அடங்க மாட்டேன் என்கிறேன்."

பதில் சொல்ல மழவராயர் வாயைத் திறந்தார். கூடியிருந்த அத்தனை பேரும் அந்த வாயையே அளவெடுப்பதுபோல் பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.