மடியில் விழுந்த ஆடுகள்

சிறுமலைக் குடிலில் அங்கயற்கண்ணி அம்மையாரிடம் பாடம் கேட்க வருபவர்களில் பாதிப்பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். வைத்தீஸ்வரனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வீடியோ கேம் உருவாக்க உதவும் மென்பொருளை விற்கிற கம்பெனிக்கு அவர்தான் தலைவர். அந்த மென்பொருளை நம்பிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

வந்த கையோடு கேட்டார்.

“அம்மா, தப்புப் பண்ணிட்டேன். ஒரு கேமை யாராவது டவுன்லோடு பண்ணினா, ஒவ்வொரு தடவையும் அதை உருவாக்கினவங்க எங்களுக்குக் காசு கட்டணும்னு விதிய மாத்தினேன். ஏற்கெனவே வெளிவந்த கேமுக்கும் சேர்த்து. ஊரே கொதிச்சுது. வாபஸ் வாங்கிட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன். அப்படியும் ஒவ்வொருத்தரா வேற கம்பெனிக்குப் போறாங்க. இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான். என்ன செஞ்சா திரும்புவாங்க?”

அம்மையார் தரையில் கரியால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறினார்.

“நீங்க ஆடு. நான் புலி.”

வைத்தீஸ்வரனுக்கு உள்ளூரச் சிரிப்பு. இந்த ஆட்டத்தில் அவர் மன்னன். ஆடுகளாகப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். புலிகள் மூன்றும் நகர இடமில்லாமல் திணறின.

“இனிமே புலி ஒரு ஆட்டை மட்டுமில்ல, ரெண்டு ஆட்டைச் சேர்த்தே தாண்டலாம்,” என்றார் அம்மையார்.

“எப்பலேர்ந்து?”

“இப்பலேர்ந்து. ஏற்கெனவே வெச்ச ஆட்டுக்கும் சேர்த்துத்தான்.”

சொன்னபடியே தாண்டினார். வெட்டிய ஆடுகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“இது அநியாயம்மா!”

“சரி, மன்னிச்சிடுங்க. பழைய விதியே இருக்கட்டும். வைங்க.”

வைத்தீஸ்வரன் வைக்கவில்லை. மிச்சக் கொட்டைகளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். புளியங்கொட்டைக்காகவா இவ்வளவு கோபம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

“முதல்ல மடியில இருக்கறதக் கீழ வைங்க!”

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்பது உறைத்தது.

அம்மையார் முகம் மாறவில்லை. “நீங்க விதிய மாத்தின வருஷம், உங்க சம்பளம்?”

“ஏறிச்சு.” அவர் குரல் இறங்கிவிட்டது. “கம்பெனி நஷ்டத்துல ஓடிச்சு. முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பினோம். எனக்கு மட்டும் ரெண்டு மடங்காக்கினாங்க.”

“விதிய வாபஸ் வாங்கினப்ப அது என்னாச்சு?”

“எங்கிட்டதான் இருக்கு.”

வைத்தீஸ்வரன் எத்தனையோ ஆலோசகர்களுக்குப் பணத்தைக் கொட்டியிருந்தார். ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

அம்மையார் மடியிலிருந்த ஆடுகளை எடுத்து, அவை முன்பு இருந்த இடங்களிலேயே திரும்ப வைத்தார். ஓரிடம்கூடப் பிசகவில்லை. பிறகு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

வைத்தீஸ்வரன் ஒரு கொட்டையைக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார். அவர் கண் கட்டத்தில் இல்லை, அம்மையாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டையை வைக்க முடியவில்லை. தன் கையா இது என்று திகைத்துப்போனார்.

“எல்லாத்தையும் திருப்பித் தந்துட்டீங்க. அப்படியும் வைக்க மனசு வரலையேம்மா. எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?”

“நீங்க வைக்கிற வரைக்கும். உங்கள அவசரப்படுத்துற உரிமை, விதிய மாத்தினப்பவே எனக்குப் போயிடுச்சு.”