எண்ணெய்க் கறைப் பக்கம்

செய்னம்பு குர்ஆனை மனனம் செய்யத் தொடங்கியபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. மூன்று வருடத்தில் முப்பது பாகங்களில் நான்கு முடிந்திருந்தன. ஐந்தாவதில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

அவள் ஓதுவதைக் கேட்டுத் திருத்தும் ஆசிரியை முஃபீதா ஆலிமா. செய்னம்புவின் மகளைவிட இரண்டு வயது இளையவள். ஓதுபவர் தவறும் இடத்தில் விரல் முட்டியால் முன்னாலிருக்கும் ஓதும் பலகையை ஒரு தட்டுத் தட்டுவாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அந்தத் தட்டுக்குப் பயந்தே செய்னம்பு வேகமாக ஓதப் பழகியிருந்தாள். சரியாகப் பிடிபடாத இடங்களை ஓட்டத்திலேயே கடந்துவிடலாம் என்று நினைப்பு. கூட ஓதும் பெண்பிள்ளைகள், செய்னம்பு சாச்சி தையல் மிஷினை ஓட்டுகிற மாதிரியே ஓதுகிறாள், நூல் அறுந்தால்தான் நிற்பாள் என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

புதிதாக அரைப் பக்கம் எடுக்கும் முன் பழையதில் ஐந்து பக்கத்தை யாரிடமாவது ஓதிக் காட்ட வேண்டும் என்று ஆலிமா சொல்லியிருந்தாள். வீட்டில் யாரைப் பிடித்து உட்கார வைப்பது? செய்னம்பு துணி தைத்துக்கொண்டே தனக்குள் முணுமுணுத்துக்கொள்வாள்.

புதன்கிழமை நூல் அறுந்தது. போன வருடம் முடித்த வாகிஆ சூரா என்னும் அத்தியாயத்தை ஓதச் சொன்னாள் ஆலிமா. இரண்டாம் பக்கத்தில் வாய் நின்றுவிட்டது. அடுத்த வரி வரவே இல்லை. பலகையும் தட்டப்படவில்லை. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது.

எல்லோரும் போன பிறகு, குர்ஆனை மார்போடு அணைத்தபடி ஆலிமாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். புதிதாக ஒரு பக்கம் ஏறினால் பழையதில் ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது என்றாள். மிஷின் எண்ணெய் பட்டுப் பட்டு இந்தப் பிரதி பாழாகிவிட்டது, இதைப் பார்த்தாலே மனது கூசுகிறது என்றாள். புதுப் பிரதி வாங்கிக்கொள்ளட்டுமா என்று அவள் முன்பே இரண்டு முறை கேட்டிருந்தாள். இரண்டு முறையும் ஆலிமா வேண்டாம் என்றுவிட்டாள். ஓதிப் பழகிய பிரதியை மாற்றக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

"மறக்காம ஓதுறது எனக்கு எப்பத்தான் வரும், ஆலிமா? வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. இன்னையோட நிப்பாட்டிக்கிறேன்."

ஆலிமா பலகையை ஓரமாக நகர்த்தினாள்.

"நாளைக்கு சுபுஹுக்கு வாங்க, லாத்தா."

விடியல் தொழுகைக்குப் பெண்கள் தொழும் தைக்காவில் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லோரும் பக்கத்து வீடுகளில் இருந்து வருபவர்கள். சின்ன சூராக்களுக்கு மேல் மனனம் இல்லாதவர்கள். அங்கே தொழுகை நடத்துபவள் முன்னால் தனியாக நிற்பதில்லை. முதல் வரிசையின் நடுவில், மற்றவர்களோடு தோள் சேர நிற்பாள். ஆலிமா, செய்னம்புவைத் தன் வலப்பக்கம் நிற்கச் சொன்னாள்.

தொழுகை தொடங்கியது. ஆலிமா எடுத்தது வாகிஆ சூராவை.

செய்னம்புவுக்கு முகம் சுட்டது. ஆலிமா நிதானமாக ஓதினாள். நேற்று செய்னம்புவின் வாய் நின்ற இடம் வந்தது, போனது. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த பக்கமும் வந்தது. அதன் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஆலிமா நின்றாள்.

மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்தாள் செய்னம்பு. ஆலிமா முந்தின வரியை மறுபடி ஓதி, அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறையும் அப்படியே.

ஓதுபவர் தடுமாறினால், தெரிந்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் தெரிந்தவள் ஒருத்திதான்.

செய்னம்புவின் பார்வை பாயின் மேல் இருந்தது. கோரைப்பாயில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குப் பக்கம் தெரிந்தது. இடது பக்கம். கீழிருந்து மூன்றாம் வரி. பெருவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கறைக்குள் அந்த வரியின் முதல் சொல்.

அதை ஓதினாள். ஒவ்வோர் எழுத்தையும் விட்டுவிடாமல், மெதுவாக.

ஆலிமா அதை வாங்கிக்கொண்டு மேலே ஓதினாள்.

தொழுகை முடிந்து மற்றவர்கள் போனார்கள். செய்னம்பு எழுந்திருக்கவில்லை.

"எனக்காக வேணும்னே விட்டீங்கதானே?"

"தொழுகையில அப்படி விளையாடுவாங்களா, லாத்தா?" என்றாள் ஆலிமா. "பத்து வயசுல முழுசா முடிச்சேன். அந்த இடம் எனக்கு இன்னைக்கும் வழுக்கும்."

செய்னம்பு கொண்டு வந்திருந்த குர்ஆனை எடுத்துத் திறந்தாள். அந்தப் பக்கத்தை எடுத்து, கறையின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை.

"உங்களுக்கே மறந்தா, நீங்க என்னதான் செய்வீங்க?"

ஆலிமா பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாள்.

"நாளைக்கும் என் வலப்பக்கமே நில்லுங்க."