முகம் பார்க்கும் நேரம்

தொட்டிப்பாறையில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால் ஊர்ச் சனம் பலவேசத்தின் வாசலுக்கு வரும். ஒன்றும் பேசாது. அவர் முகத்தைப் பார்க்கும். முகம் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ் போட்டுக்கொள்ளும். மலையடிவாரம், கரடி நடமாட்டம் உண்டு. டக், டக்கென்று தாழ் விழும் சத்தம் தெரு நெடுகப் போய்க் கடைசி வீட்டில் அடங்கும். முகம் கோணியிருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு களத்துக்குப் போய்ப் படுக்கும்.

வேறு ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான். தொட்டிப்பாறையில் யாரும் சிரிக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கையலம்பிய பலவேசத்துக்கு இரண்டு உள்ளங்காலிலும் நமைச்சல் எடுத்தது. கோணிய முகத்தோடு தெருவுக்கு வந்து, "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். ஏன் கத்தினோம் என்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. யாரை எவன் வெட்டிவிட்டானோ என்று சனம் அடித்துப் பிடித்து ஓடி வந்தது. வந்து நின்ற காலுக்குக் கீழே பூமி புரண்டு படுத்தது. பாதித் தெரு விழுந்தது.

கீழ்க்கோடி வீட்டுக் கிழவர் மட்டும் உள்தாழ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து கதவுவரை வந்துவிட்டார். அதற்குள் கதவு நிலை சாய்ந்து தாழ் இறுகிப்போனது. அவர் உள்ளேயிருந்து தட்டுவது தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுப்பதில்லை.

அன்றிலிருந்து பலவேசத்தின் முகம் பலவேசத்துக்குச் சொந்தமில்லாமல் போனது. கொட்டாவி விடவும் பயந்தார். சாயங்காலம் ஆனால் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டுதான் வாசலுக்கு வருவார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலேயே மறுபடியும் நமைக்க ஆரம்பித்தது. வானம் மூடிக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் தூறல் விழுந்தது. பலவேசம் யாரிடமும் சொல்லாமல் மலையேறினார்.

மேலே குகை மடத்தில் நல்லதாய் அம்மை இருந்தாள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவளிடம்தான் அவர் தீட்சை வாங்கியிருந்தார். அமாவாசைக்கு அமாவாசை ஏறிப்போய்க் காலடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதட்டுவதும் அதே வாயால்தான்.

"என்ன அண்ணாச்சி, அமாவாசைக்கு இன்னும் நாள் கெடக்கே?"

"ஒரு கேள்வி இருக்கு அம்மை."

"முதல்ல தலையத் தொடையும். கேள்வி எங்கயும் ஓடிராது."

அவர் துடைக்கவில்லை. "பூமி ஆடப்போறத முன்னாலயே தெரிஞ்சுக்கிட முடியுமா?"

அம்மை புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"உமக்குத் தெரியும்னு ஊரே சொல்லுதே."

"அதத்தான் கேக்கேன். எனக்குத் தெரியுதா?"

அம்மை நிமிர்ந்து பார்த்தாள். "எத வச்சுச் சொல்லுதீரு?"

"உள்ளங்கால் நமைக்கும்."

"ஆடியில நமைச்சுது. ஆடுச்சு. அதுக்குப் பெறகு நமைச்சுதா?"

"அடிக்கடி நமைக்கும்."

"அடிக்கடி ஆடுச்சா?"

"இல்ல."

"சேத்துப்புண்ணுக்கு மருந்து போட்டுப் பாத்தீரா?"

"வெளையாடாதீங்க அம்மை."

அம்மை கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சட்டென்று அவருடைய வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரு தன் காலைப் பிடிப்பதா என்று அவர் பதறி இழுத்தார். விடவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புண்ணு இல்ல" என்றாள்.

பிறகு தன் உள்ளங்கையைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"அப்ப ஆடாதா?"

"எனக்குத் தெரியலன்னுதான் சொன்னேன்."

பலவேசம் குனிந்துகொண்டார். பெண்டாட்டி உலகம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு நாள் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. உலகம்மாள் கிராம்பு வைத்து அனுப்பினாள். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சுண்டு சுண்டியது. முகம் கோணிவிட்டது. முன்னால் நின்ற சனம் பார்த்துவிட்டது. பாயைச் சுருட்ட ஆரம்பித்தது. பல்வலிதான் என்று சொல்ல வாயெடுத்தார். ஒருவேளை இதுவும் அறிகுறியாக இருந்தால்? அந்த ஒரு யோசனையில் வாயை மூடிக்கொண்டார். ஊர் களத்தில் படுத்தது. விடிய விடியச் சாரல். புருசனை இழந்த பக்கத்து வீட்டு முத்துவடிவு பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. குளிர் குழந்தையின் நெஞ்சில் இறங்கிவிட்டது. பூமி அசையவே இல்லை.

"பிள்ளையப் பொதைச்ச அன்னைக்கும் அவ வந்தா அம்மை. இப்பவும் முதல் ஆளா வந்து நிக்கா. எல்லாரும் போன பெறகும் நிக்கா. திட்டுனா பரவால்ல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா."

அம்மை அவர் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"காலையில இருந்து நமைக்கு. களத்துக்குப் போங்கன்னா, ஊருல இன்னும் ரெண்டு பச்சப்புள்ள இருக்கு. வீட்டுல இருங்கன்னா, தலைக்கு மேல கூரை இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க. நான் எந்த மூஞ்சியோட நிக்க?"

மூலையில் ஓர் உருளியில் தண்ணீர் இருந்தது. அதில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பலவேசம் விரலை நீட்டினார்.

"அம்மை, தண்ணியப் பாருங்க."

அம்மை மேலே கை காட்டினாள். பாறை இடுக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உருளியை நகர்த்தி வைத்தாள். தண்ணீர் அசையாமல் நின்றது.

"வாரும், போவோம்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

பலவேசம் குகை வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உருளித் தண்ணீரில் மறுபடியும் வட்டம் விழுந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தார். அந்த இடத்தில் பாறை காய்ந்து கிடந்தது. அம்மை அதற்குள் பாதித்தூரம் இறங்கிவிட்டாள். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

இறங்கும் வழியில் ஓடையோரம் வந்ததும் அவர் நின்றார்.

"கேளுங்க அம்மை."

"எத?"

"ஒரு தவளைச் சத்தம் இல்ல. மழைக்குத் தவளை கத்தாம இருக்குமா?"

"நேத்து கத்துச்சா?"

பலவேசம் யோசித்தார். நேற்றும் மழைதான். தவளை கத்தியதா என்று அவர் கவனிக்கவில்லை. மறுபடியும் நடந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது தெரு மங்கிப்போயிருந்தது. உலகம்மாள் வாசலில் முக்காலியைப் போட்டு வைத்திருந்தாள். பலவேசம் வழக்கம்போல அதில் உட்கார்ந்தார். அம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையோடு முகத்தை மூடிவிட்டாள்.

"எடுக்கக் கூடாது" என்றாள்.

ஈரத் துண்டு முகத்தில் ஒட்டிக்கொண்டது. பலவேசத்துக்குத் தன்னையே பாடையில் கிடத்திவிட்டதுபோல் இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் காலடிகள் வந்தன. முதலில் ஓர் ஆள், அதுவும் மெதுவாக. அந்த நடை அவருக்குத் தெரியும். முத்துவடிவு. பிறகு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. அத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. உள்ளங்கால் நமைச்சல் முழங்கால்வரை ஏறியது.

கடைசியில் ஆறுமுகநயினார் வாய் திறந்தார். அந்தத் தெருவில் கொஞ்சம் எடுத்துப் பேசுகிற ஆள் அவர்தான்.

"அம்மை, துண்ட எடுங்க. பொழுது அடையுது."

"எடுத்து என்ன செய்ய? இவருக்குத் தெரியாது."

கூட்டம் அசைந்தது. ஒரு பிள்ளை சிணுங்கியது, உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"தெரியாதுன்னா நாங்க எங்க படுக்க?" என்றார் நயினார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"சொல்லுதேன். இந்த நிமிஷம் ஆடுனா, நீரு யாரத் தூக்கிட்டு ஓடுவீரு?"

"எங்க ஆத்தாள. அவளுக்குக் கண்ணு தெரியாதுல்லா."

"நீ?"

"புள்ளைக ரெண்டையும்" என்றாள் ஒருத்தி.

"நான் ஆட்ட அவுத்துவிடுவேன்" என்றான் ஒருவன். பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி, "அப்ப நான்?" என்று கேட்டாள். யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அந்த வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"என்னையவே ரெண்டு பேரு தூக்கணும். முட்டு அப்படி" என்றாள் உலகம்மாள், உள்ளேயிருந்து.

"நான் தூக்குதேன் மதினி" என்றார் நயினார்.

அம்மை ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே போனாள். ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். பிறகு அம்மை கேட்டாள்.

"கீழ்க்கோடி வீட்டுக் கிழவர அன்னைக்கு யாரு தூக்கணும்னு இருந்துச்சு?"

சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். தூறல் விழும் சத்தம் கேட்டது. கீழ்க்கோடியில் அந்த இடிந்த வீடு இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை.

"வடிவு, நீ சொல்லல."

முத்துவடிவின் குரலைப் பலவேசம் குழந்தை போன பிறகு அன்றைக்குத்தான் கேட்டார்.

"எனக்குத் தூக்க யாரு இருக்கா?"

பலவேசம் துண்டுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த நிமிஷம் பூமி பிளந்தாலும் சரி, தன்னை விழுங்கட்டும் என்று நினைத்தார்.

"இவரத் தூக்குதேன்" என்றாள் அவள்.

ஒருத்தருக்கும் புரியவில்லை.

"ஆடுனா எல்லாரும் அவங்கவங்க ஆளத் தூக்கிட்டு ஓடிருவீங்க. இவரு தெருவுல நின்னு கத்திக்கிட்டே இருப்பாரு. இவர இழுத்துட்டுப் போகவும் ஒரு ஆளு வேணும்லா. அடுத்த வீடுதான நான்."

காலடிச் சத்தம் நெருங்கியது. துண்டு மெல்ல விலகியது. முத்துவடிவு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் அழுது கோணிக் கிடந்தது. கூட்டமும் அதைப் பார்த்தது. ஆனால் ஒருத்தரும் பாயைத் தேடிப் போகவில்லை.

"பல்லு வலி தேவலையா அண்ணே?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

"களத்துல படுத்த மறுநா காலையில கன்னம் வீங்கியிருந்துச்சே. தெனமும் வந்து பாக்கேன், நீங்க அதப் பத்திச் சொல்லுவீங்களான்னு."

பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கையை அவள் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"ராத்திரி தாழ் போடாதீங்க அண்ணே. போட்டா நான் உள்ள வர முடியாது."

"கரடி வந்தா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றாள் முத்துவடிவு. "எனக்கு எங்க தூக்கம் வருது?"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அவள் போன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நயினார் தன் ஆத்தாளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவள், "மூஞ்சி எப்படிரா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"மனுசன் மூஞ்சி மாதிரி இருக்கு, வா" என்றார் அவர்.

வாசல் காலியானது. பலவேசம் தாழ் விழும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார். முதல் வீட்டில் கதவு கிறீச்சிட்டு மூடிக்கொண்டது. அடுத்த வீட்டிலும். அதற்கும் அடுத்த வீட்டிலும். தெருக்கடைசிவரை ஒரு தாழ்கூட விழவில்லை. ஊர் திறந்து கிடப்பது அவருக்கு நடுமுதுகில் குளிரைப் போலத் தெரிந்தது.

உள்ளங்கால் இன்னும் நமைத்தது. ஓடைப் பக்கம் தவளைச் சத்தம் இன்னும் இல்லை.

அம்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மை" என்றார் பலவேசம். "இன்னைக்கு ஆடுமா?"

அம்மை திரும்பவில்லை.

"ஆடுனா வடிவு வருவா" என்றாள்.