கதவுக்கு வெளியே நின்றவர்

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள், மாறவேள் என்றொரு ராஜா இருந்தார். கதை கேட்பதில் பெரும் பைத்தியம். நாலு வரி போவதற்குள், "இவன்தான் துரோகி, இவள்தான் சூழ்ச்சிக்காரி" என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகும் நடுங்குவார். அந்த நடுக்கம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிரதானி திருமேனிநாதருக்கு அரண்மனை விகடகவி சாத்தையன்மேல் ஒரே வயிற்றெரிச்சல். சமயம் பார்த்துப் பற்றவைத்தார்.

"மகாராஜா, சாத்தையன் தங்களை ஏய்க்கிறான். பழைய கதைகளில் வரும் ஆட்களுக்கே புதுப் பெயர் வைத்து ஓட்டுகிறான்."

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாத்தையா! இப்போதே ஒரு கதை சொல். நான் நடுங்க வேண்டும். ஆனால் துரோகி, சூனியக்காரி, மாற்றாந்தாய், அந்தப் பழைய ஆட்கள் ஒருவரும் வரக்கூடாது. யார் அவர்களைக் கதைக்குள் கொண்டுவந்தாலும் தலை போகும்!"

வாள்காரன் வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டான். பாவம், சாத்தையனுக்குக் கழுத்து ஒன்றுதானே!

அந்த அரண்மனையில் கதைக்கு ஊம் கொட்டுவது ராஜாதான். அவர் ஊம் கொட்டாமல் கதை நகராது.

"ஒருவர் அறைக்குள் தனியாக இருந்தார், மகாராஜா."

"ஊம்."

"கதவை யாரோ மெல்லத் தட்டினார்."

"ஊம்."

"தாழ்ப்பாள் அசைந்தது."

"ஊ...ம்."

"கதவு திறந்தது. வெளியே நின்றவர், உள்ளே இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்."

ஊம் வரவில்லை. சாத்தையனும் நிறுத்திவிட்டான். ராஜாவுக்குக் குப்பென்று வியர்த்தது.

"சொல்லித் தொலையடா!"

"ஊம் வரவில்லையே, மகாராஜா."

"எனக்குத் தெரியும்! அது தம்பி! அண்ணனைக் கொன்று பட்டத்தைப் பிடிக்க வந்த துரோகி!" என்று ராஜா அலறினார்.

சாத்தையன் தடாலென்று காலில் விழுந்தான். "மகாராஜா, நான் யாரையும் கொண்டுவரவில்லை. துரோகியைக் கதைக்குள் கொண்டுவந்தது தாங்கள். கட்டளைப்படி..."

வாள்காரன் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழித்தான். பிரதானிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"அந்த ஆட்கள் என் கதையில் இல்லை, மகாராஜா. கேட்பவர் நெஞ்சில் முன்பே குடியிருக்கிறார்கள். நான் கதவைத் தட்டுகிறேன், அவ்வளவுதான். அதனால்தான் தெரிந்த முகமே இத்தனை பயம் காட்டுகிறது."

ராஜா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கைக் காப்பைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார்.

"அது கிடக்கட்டும். வெளியே நின்றது உண்மையில் யார்?"

"எனக்கென்ன தெரியும், மகாராஜா? தாங்கள் தம்பி என்று சொல்லும்வரை, என்னைக் கூப்பிட வந்த எமன் என்றல்லவா நடுங்கிக்கொண்டிருந்தேன்!"