காட்டெருமையைத் தள்ளி வைத்தவர்கள்

ஆத்தூர் மருதாசலத்துக்குக் கல்யாணம் ஆக வேண்டுமானால் அவன் புல் வெட்டியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா அர்த்தநாரி, வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு உண்டு.

"படிப்பு, சம்பளம் எல்லாம் அப்புறம். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யற ஆளான்னு பார்க்கணும்" என்று சொல்லி, சனி ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீட்டை அவனிடம் ஒப்படைத்தார். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். தனக்குத் தெரிந்தவர்களிலேயே மூளைக்காரர்கள் என்று மருதாசலம் நம்பியிருந்த பூபதியும் கந்தப்பனும் கூடவே போனார்கள்.

சனிக்கிழமை காலை அர்த்தநாரி வேலைகளைச் சொன்னார். "முற்றத்துப் புல்லை வெட்டுங்க தம்பி. கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிங்க, காயற வரைக்கும் மழை படக் கூடாது. கொட்டகை ஒழுகுது, விறகு நனையாம பார்த்துக்கங்க. காட்டெருமை வரும். நல்லா பாருங்க, ஆனா தொந்தரவு பண்ணக் கூடாது. நூறடி தள்ளித்தான் நிக்கணும்."

கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் வருவதாகச் சொல்லி சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

பாதி முற்றம் வெட்டி, புல்லை நடுவில் குவித்துவிட்டு, கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தபோது மேகம் கறுத்தது.

"குடை பிடிக்கலாமா?" என்றான் பூபதி.

"கேட்டு ரெண்டு ஆள் அகலம் இருக்கு. ஒரு குடை எப்படிடா பத்தும்?" என்றான் கந்தப்பன். "கழட்டி உள்ள வெச்சிடுவோம்."

கேட்டைக் கழற்றி ஹாலில் படுக்கப் போட்டார்கள். அடுத்தது விறகு. ஹாலில் கேட்டு படுத்திருந்ததால் விறகைக் கட்டில்களில் அடுக்கினார்கள். ஓட்டு இடுக்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஆகாது என்று மேலே கம்பளியும் போர்த்தினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் இடம் இல்லை. மூவரும் ஒழுகும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள்.

"நாம நனையறோமே மாப்ளே" என்றான் பூபதி.

"மாமா விறகைத்தானே சொன்னாரு? நம்மளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றான் மருதாசலம். தும்மலுக்கு நடுவிலும் அவனுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சொன்னபடி எந்த மருமகன் செய்வான்?

காலையில் மழை விட்டது. பூபதி ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டான். மூவரும் வீட்டுச் சுவரோரம் வெயில் காய்ந்தார்கள். அப்போது கேட்டு இருக்க வேண்டிய இடத்தின் வழியாகக் காட்டெருமை உள்ளே வந்தது. பெரிய ஆண் எருமை. நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருந்தது. நேராகப் புல் குவியலுக்குப் போய் மேயத் தொடங்கியது.

"நூறடி இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான் மருதாசலம்.

"பத்தடிகூட இல்ல" என்றான் கந்தப்பன்.

"அப்ப பின்னாடி போங்கடா."

"பின்னாடி செவரு."

"அதையாவது தள்ளிப் போகச் சொல்லு."

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உங்க மாமாதானே சொன்னாரு" என்றான் பூபதி.

மருதாசலத்துக்கு உயிரைவிடக் கல்யாணம்தான் கவலையாக இருந்தது. தூரத்தைச் சரியாகப் பார்த்துவிடலாம் என்று பைனாகுலரை எடுத்தான். அதில் ஒரே ஒரு மூக்குத் துவாரம், கிணறு அளவுக்குத் தெரிந்தது. "இன்னும் கிட்ட வந்துடுச்சு" என்று பைனாகுலரைக் கந்தப்பன் கையில் திணித்தான்.

கந்தப்பன் அதை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தான். அவன் முகம் தெளிந்தது. "போயிடுச்சு."

"எங்க?"

"ரொம்ப தூரம். ஆட்டுக்குட்டி அளவுக்குத்தான் இருக்கு. நூறடிக்குக் குறையாது."

"உனக்குத் தூரம். எனக்கு இங்கயேதான் நிக்குது" என்றான் பூபதி. "கொடு இப்படி."

"கொடுத்தா எனக்குக் கிட்ட வந்துடுமே?"

பேச்சு முற்றியது. கடைசியில் மருதாசலம் தீர்ப்புச் சொன்னான். பைனாகுலருக்கு இரண்டு கண். ஆளுக்கு ஒரு கண்ணாக இரண்டு பேர் பார்ப்பது. மூன்றாவது ஆள் கண்ணை மூடிக்கொள்வது. முறை வைத்து அப்படியே பார்த்தார்கள். எருமை ஒரு புல் விடாமல் தின்று முடித்து, திரும்பும்போது பூபதியின் வேட்டியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு வெளியே போனது. தொந்தரவு பண்ணக் கூடாது என்பதால் பூபதி கேட்கவில்லை.

பாதிப் புல்லை வெட்ட வேண்டும், விறகை இறக்க வேண்டும், கேட்டை மாட்ட வேண்டும். எப்படியும் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்று மருதாசலம் அரிவாளை எடுக்கும்போது, மத்தியானப் பஸ்ஸிலேயே அர்த்தநாரி வந்து சேர்ந்துவிட்டார்.

"வழியில வேட்டியோட ஒரு எருமை போகுது" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "கேட்டு எங்க தம்பி?"

இன்னும் அரை நாள் வேலை கிடக்கிறது. மாமாவோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். பெண் கைவிட்டுப் போகிற நேரத்தில் கந்தப்பன் பைனாகுலரை நீட்டினான்.

மருதாசலம் அதைத் திருப்பிப் பிடித்து மாமாவைப் பார்த்தான்.

"அடிவாரத்துலதான்டா வந்துட்டு இருக்காரு. கடுகு மாதிரி தெரியறாரு" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகக் குனிந்து புல் வெட்ட ஆரம்பித்தான்.

கந்தப்பன் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அர்த்தநாரியின் முன்னால் போட்டான்.

"உக்காருங்க. கேட்டைப் பத்தியெல்லாம் எங்களைக் கேட்காதீங்க. வீட்டுக்காரர் வந்துட்டே இருக்காரு, அவருகிட்டயே கேட்டுக்கங்க."