பதினேழாவது கட்டம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று. குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு மாதா கோவிலின் பாடகர் மாடி, பழைய கீபோர்டு ஒன்று, சொன்ன நேரத்துக்கு வராத முப்பது பாடகர்கள், இவ்வளவுதான் அவளுடைய சொத்து. பெயர் டெல்பினா.

சீடர் கஸ்பார் மச்சாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் கிரேன்காரர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கிட்டார் கஸ்பார் வீடு என்று கேட்க வேண்டும். ஒரு பாட்டை ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், மறு தடவை அது அவர் விரலில் இருக்கும். நாற்பது வருடம் கல்யாண வீடுகளிலும் கோவில்களிலும் அப்படித்தான் வாசித்தார். முன்னால் ஸ்டாண்டில் இசைக் குறிகள் எழுதிய நோட்ஸ் தாள் ஒன்று விரித்திருக்கும். பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பவும் செய்வார். பக்கத்தில் இருப்பவர் திருப்பினால் இவரும் திருப்புவார், அவ்வளவுதான். அந்தத் தாளில் இருப்பதை அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கிட்டார் பெட்டியோடு மாடி ஏறி வந்தார். பெட்டிக்குள் வெல்வெட் துணிக்கு அடியிலிருந்து மஞ்சளடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கிட்டார் சீட்டு வேணும்னு கோவில்ல அறிக்கை வாசிச்சாவளாம். இதுதானான்னு பாருங்க டீச்சர்."

அதுதான். பழைய பாடகர் குழுத் தலைவர் இஞ்ஞாசி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் வருட நினைவுத் திருப்பலியில் அவர் எழுதிய பாட்டைத்தான் பாட வேண்டும் என்று அவர் மனைவி ஃப்ளோரா கேட்டிருந்தார். அலமாரியில் வயலின் தாள் இருந்தது, பாடகர்கள் தாள் இருந்தது. கிட்டார் தாளைத்தான் காணவில்லை.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு, அங்கிள்?"

"இஞ்ஞாசி அண்ணன் எனக்குன்னு எழுதினது. இருபத்தேழு வருஷமா பெட்டிக்குள்ளதான் கெடக்கு."

"அப்ப நீங்களே வாசிச்சிருங்க."

கஸ்பார் பெட்டியின் கொக்கியைப் போட்டார், திறந்தார், மறுபடியும் போட்டார்.

"எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது டீச்சர்."

அறுபத்தொரு வயதில் அந்த வார்த்தையை முதல் தடவையாக வெளியில் விட்டார். காது இரண்டும் சூடாகிவிட்டன. டெல்பினா சிரிக்கவில்லை. அது அவருக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

"இதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? அத மட்டும் சொல்லிருங்க."

அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரிடத்தில் வந்ததும் விரலை வைத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைக்கச் சொல்லி, எழுந்து வந்து, அதன் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கீழே யாரோ பீடத்துப் பக்கம் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் மட்டும் மேலே வந்தது. ஒரு நிமிடம் போல ஆயிற்று.

"இதுதான் எழுதியிருக்கு" என்று கையை எடுத்தாள்.

"ஒண்ணும் விளங்கலியே."

"விளங்கும். அடுத்த சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க. ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கிட்டு வாங்க."

சீடராக இருப்பது கஸ்பாருக்குச் சுலபமாக இல்லை. முதல் வாரம் டெல்பினா ஒரு சின்ன மெட்டை எழுதிக் கொடுத்து, கீபோர்டில் ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். கஸ்பார் பிசகில்லாமல் திருப்பி வாசித்தார். இரண்டாவது தாள், மூன்றாவது தாள், எல்லாமே பிசகில்லாமல். நமக்கென்ன, பிறவி ஞானம் என்று அவர் மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டபோது டெல்பினா சொன்னாள்.

"மூணாவது தாள நான் தலைகீழால்லா வச்சிருந்தேன், அங்கிள்."

அன்றிலிருந்து அவள் எதையும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் கிட்டாரையும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் வெறும் கைதட்டல். ஐந்து கோடு, நடுநடுவே செங்குத்துக் கோடு, இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு இடையில் ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. வால் இல்லாத வெள்ளை முட்டை என்றால் நாலு எண்ணிக்கையும் அது ஒன்றுக்கே. நாற்பது டன் பெட்டியை அரை அடி பிசகாமல் இறக்கிய மனுஷன், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிட்டார் மறுபடியும் மடிக்கு வந்த பிறகு ஒரு நாள் கட்டத்துக்குள் முட்டையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு குறி வந்தது.

"இது என்ன?"

"ரெஸ்ட். இது வந்தா சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதையுமா எழுதி வைப்பாவ?"

"எழுதி வச்சாத்தான் இருக்காங்க."

அவர் வாசித்துப் பார்த்தார். குறி வந்ததும் விரலை எடுத்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார்.

"நீங்க நிப்பாட்டிட்டீங்க. கம்பி இன்னும் நிப்பாட்டல, அங்கிள்."

உண்மைதான். கம்பி முனகிக்கொண்டே இருந்தது. நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லை.

நாலாவது மாதம். திருப்பலிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அன்று ஃப்ளோரா ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன் டெல்பினா ஒரு புதுத் தாளைக் கொடுத்தாள். அதில் ஐந்து கோட்டின் நடுவில் படுக்கை வாட்டில் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று, அதன் தலைக்கு மேல் 4 என்று ஓர் எண்.

கஸ்பார் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பட்டையை அவருக்குத் தெரியும்.

"இது?"

"அதுவும் ரெஸ்ட்தான். நாலு கட்டத்துக்கும் தனித்தனியா எழுதினா தாள் போதாது. அதனால ஒரே பட்டையா போட்டு, எத்தன கட்டம் சும்மா இருக்கணும்னு மேல எழுதிருவாங்க."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கஸ்பார் பெட்டியைத் திறந்து பழைய தாளை எடுத்தார். எட்டுக் கட்டம் மெட்டு. அதை இப்போது அவரால் படிக்க முடிந்தது. அதற்கு அப்புறம் தடித்த பட்டை. தலையில் 16.

இருபத்தேழு வருடமாக அவருக்கு மறக்காத பட்டை அது.

இஞ்ஞாசியின் ஒரே மகள் ரோசலின் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். முதல் வருட நினைவுக்கு அப்பன் உட்கார்ந்து பாட்டு எழுதினார். ஒத்திகை நாளில் கஸ்பாருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒத்திகையில் காதில் பிடித்துக்கொள்வதுதான் அவர் வித்தை, இந்தத் தடவை அதற்கு வழியில்லை. "சீட்டக் குடுங்கண்ணே, பாத்துக்கிடுதேன்" என்று வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திருப்பலியில் முதல் எட்டுக் கட்டம் மற்றவர்களின் பின்னாலேயே போய்ச் சமாளித்துவிட்டார். அப்புறம் வயலின் நின்றது, பாடகர்கள் நின்றார்கள். ஃப்ளோராவின் குரல் மட்டும் தனியாக எழுந்தது. கஸ்பார் தாளைப் பார்த்தார். தடித்த கறுப்புப் பட்டை, மேலே பதினாறு. ஓங்கிப் பதினாறு அடி அடிக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரையும் நிறுத்திவிட்டு நமக்கு இடம் கொடுத்திருக்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோனது. அடித்தார். ஆறாவது அடியில் ஃப்ளோரா பாட்டை நிறுத்தி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கஸ்பார் மிச்சம் பத்தையும் அடித்து முடித்தார்.

இறங்கும்போது இஞ்ஞாசி மாடிப்படியில் நின்றிருந்தார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"படிச்சுத்தானலே வாசிச்ச?"

சுற்றிலும் பாடகர்கள் நின்றார்கள். வயலின்காரர் நின்றார்.

"ஆமா" என்றார் கஸ்பார்.

இஞ்ஞாசி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கஸ்பார் வேறு கோவிலுக்கு வாசிக்கப் போய்விட்டார். அண்ணனுக்குத் தலைக்கனம் என்று ஊரெல்லாம் சொன்னார். எந்தச் சுரம் தப்பாகப் போனது என்று தனக்குள் தேடிக்கொண்டே இருந்தார். யாரிடமாவது தாளைக் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துபோகும். வருடாவருடம் பிள்ளையின் நினைவு நாளுக்கு விரும்பி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிரேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இப்போது பாடகர் மாடியில் அவர் அந்தப் பட்டையின் மேல் விரலை வைத்தார்.

"சும்மா இருன்னு எழுதியிருக்காரு டீச்சர்."

டெல்பினா திரும்பினாள். கஸ்பார் தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"தெரியாதுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. காதத் திருகிட்டு விட்டுருப்பாரு. நான் படிச்சேன்னுல்லா சொன்னேன். பிள்ளைக்காக அவ அம்மா பாடயில, சும்மா இருன்னு எழுதியிருக்கதப் படிச்சிட்டும் வேணும்னே அடிச்சான்னு நெனச்சிட்டேதானே போயிருப்பாரு."

கஸ்பார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைப் படித்தார். இப்போது படிக்காமல் விட அவருக்குப் பயமாக இருந்தது. பட்டைக்கு அடுத்த கட்டத்தில், ஐந்து கோட்டுக்கும் வெகு கீழே, மூன்று குட்டிக் கோட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை முட்டை தொங்கியது. மை சிந்தியது என்று அவர் நினைத்திருந்த முட்டை.

"மேல் கம்பி. அந்தத் தடிச்ச கம்பி. விரல் வைக்காம, ஒரே ஒரு தட்டு. நாலு எண்ணிக்கை."

"சரி" என்றாள் டெல்பினா.

படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஃப்ளோரா மூச்சு வாங்க ஏறி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் பாட்டுத் தாள். கஸ்பாரைக் கண்டதும் மேல்படியிலேயே நின்றுவிட்டார்.

கஸ்பார் எழுந்தார்.

"மைனி, அன்னைக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சேன்னு அண்ணன்கிட்ட சொன்னது பொய். அந்தப் பட்டை என்னன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

ஃப்ளோரா மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"இத அவரு இருக்கயில வந்து சொல்லியிருக்கலாம், கஸ்பாரு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கஸ்பார் பிழைத்திருப்பார்.

ஃப்ளோரா தாளை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். கஸ்பார் குனிந்து பெட்டியைத் திறந்தார்.

"கிட்டார எடுத்து வச்சிருதேன் டீச்சர். இந்தப் பாட்டுக்கு நான் வேண்டாம். இனிமே நான் வாசிச்சு யாருக்கு என்ன ஆகப் போவுது?"

டெல்பினா கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பத்து வயசுல நான் இஞ்ஞாசி சாரோட குழுவில சேந்தேன், அங்கிள். வருஷாவருஷம் இந்தப் பாட்டப் பாடுவோம். ஆன்ட்டி தனியா பாடுற பதினாறு கட்டமும் முடியும். அதுக்கப்புறம் ஒரு கட்டம் யாருமே ஒண்ணும் செய்யமாட்டோம். பாட்டும் இருக்காது, வயலினும் இருக்காது. நாலு எண்ணிக்கை அப்படியே நின்னுட்டு, அப்புறம்தான் எல்லாரும் எடுப்போம். ஒரு தடவ சார்கிட்ட கேட்டேன், இங்க மட்டும் ஏன் சார் ஒண்ணுமே இல்லன்னு."

கஸ்பார் பெட்டி மூடியைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன சொன்னாவ?"

"'இருக்கு பிள்ள. அது கஸ்பாருக்குள்ளது. அவன் வரட்டும்'னு சொன்னாரு."

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்து, கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.