ரீஸ்லிங் தன் இனிப்பைக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில் எல்லாமே பேசும். சமைத்துத் தட்டில் வைத்த பிறகும் மீன் வாயை மூடாது. ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில், ஆடுகூட ஏறத் தயங்கும் கற்சரிவில், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக் கொடி ஒன்று இருந்தது. வால்புர்கா என்ற பெண் அந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீதனம் அது ஒன்றுதான்.

அதன் ஒயின் தேனாக இனிக்கும். தொல்லையே அதுதான். அறுவடை விருந்தில் ஆற்று மீன் தட்டில் படுத்தபடியே முறையிட்டது, தன்னைப் பாயசத்தில் தூக்கிப் போட்டதுபோல் இருக்கிறதாம். வறுத்த பன்றியிறைச்சி, தன் கொழுப்பைக் கழுவிவிட ஆளில்லை என்று முனகியது. புளித்த முட்டைக்கோஸ் ஒன்றும் பேசவில்லை. அதன் முகமே போதும்.

புருஷன் அன்ஸ்கார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஈஸ்டர் விருந்திலும் இதே கதை என்றால், கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு ஆப்பிள் கன்று வைப்பேன் என்று சபையில் வைத்தே சொல்லிவிட்டான்.

வால்புர்கா அழவில்லை. அழ நேரம் ஏது? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஏறிப்போய், இனிப்பைத் தவிர உன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று கொடியைக் கேட்டாள்.

“என்னிடம் எலுமிச்சை போன்ற புளிப்பும் இருக்கிறது, இந்தக் கல்லின் வாசனையும் இருக்கிறது. இனிப்புதான் அதுகளைப் பேச விடுவதில்லை,” என்றது கொடி.

அவள் நேரே நிலவறைக்குப் போனாள். புதுச் சாறு பீப்பாயில் நுரைத்துக்கொண்டிருந்தது. இனிப்பைத் தின்று சாற்றை ஒயினாக்குவதுதான் ஈஸ்ட்டின் வேலை. அதை ஏன் முடிப்பதில்லை என்று கேட்டாள். பாதிப் பந்தியிலேயே குளிர் வந்துவிடுகிறது, தூங்கிப்போகிறோம் என்றது ஈஸ்ட்.

சூட்டுக்குப் பீப்பாயை மேலே அடுப்பருகே கொண்டுபோக வேண்டும். பீப்பாய் நிலவறையை விட்டு வெளியே வந்தால் ஒயின் கெட்டுப்போகும் என்பது ஊர் வழக்கம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். வால்புர்கா மறுபடி சரிவேறி, போகிற இனிப்பு திரும்பி வராது என்று கொடியிடம் சொன்னாள்.

“தேனீக்கள் இனி என்னைப் புகழாது, அவ்வளவுதானே? புகழ்ந்துவிட்டுப் பறக்கிறவர்களா கூட உட்கார்ந்து சாப்பிடப்போகிறார்கள்? எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

அவள் பீப்பாயைச் சமையலறை அடுப்பை நோக்கி உருட்டினாள். அன்ஸ்கார் வழிமறித்தான். கெட்டுவிட்டால் என்ன செய்வாய் என்றான்.

“கெட்டாலும் பிடுங்குவீங்க, இனித்தாலும் பிடுங்குவீங்க. காலை எடுங்க, பீப்பாய் வருது.”

எடுத்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுப்புச் சூட்டில் பீப்பாய் கொப்பளித்தது. ஈஸ்ட் கடைசித் துளி இனிப்பு வரை வழித்துத் தின்றுவிட்டுத்தான் படுத்தது.

ஈஸ்டர் விருந்தில் அன்ஸ்கார் ஒரு வாய் மீன் சாப்பிட்டான், ஒரு வாய் ஒயின் குடித்தான். மேசை முழுவதும் மீனின் முகத்தையே பார்த்தது.

“என்மேல் இனி எலுமிச்சை பிழிய வேண்டாம்,” என்றது மீன். “ஆள் வந்தாச்சு.”

பன்றியின் கொழுப்பு நாக்கிலிருந்து நல்லபடியாக இறங்கியது. முட்டைக்கோஸ், தன்னைப் போலவே ஒரு புளிப்பைக் கண்டு முதல்முறையாக முகம் மலர்ந்தது. மாட்டிறைச்சி மட்டும் தனக்குச் சிவப்பு ஒயின்தான் வேண்டும் என்றது. வால்புர்கா அதை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தாள். ஆப்பிள் கன்று எப்போது வருகிறது என்று புருஷனைக் கேட்டாள். அவன் பதிலுக்குக் கோப்பையை நீட்டினான்.

அந்த விருந்திலிருந்துதான் ‘ட்ரை’ என்று பெயர் வாங்கிய ரீஸ்லிங் துளியும் இனிக்காமல் மீனுக்கும் பன்றிக்கும் முட்டைக்கோசுக்கும் பக்கத்தில் உட்காருகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மீனும், அன்றுமுதல் வாயைத் திறந்தபடியே தட்டில் பேசாமல் கிடக்கிறது.